கொக்கித் தராசு

வியாழன் மாலை, பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
வரப்போகும் மூன்று நாட்களைக்
கொட்டி வைத்திருந்தோம்.

மாக்சனின் அம்மா தன் இறைச்சிக்கடையிலிருந்து
கொக்கித் தராசு கொடுத்தனுப்பியிருந்தார்.
ஆட்டுத்தொடை தொங்கிய கொக்கியில்
இன்று எங்கள் முதுகுப்பைகள்.
உடல் எடையில் நாலில் ஒரு பங்கு,
அதற்குமேல் ஒரு சாக்லேட்கூட ஆகாது
என்று விதித்தாள் எல்யூ.
விதித்தவளின் பையில்தான் இருந்தது
கண்ணாடிச் சீசாவில் வெங்காய ஊறுகாய்.

சிரித்தோம்.
பல்துலக்கிகளின் கைப்பிடியை ரம்பத்தால் அறுத்தோம்.
ஓட்ஸை நாளுக்கொரு பொட்டலமாகக் கட்டி எழுதினோம்:
சனி, ஞாயிறு, திங்கள்.
திங்கள் மட்டும் எப்படியோ பெருத்துவிட்டது.

பிறகு கூடாரத்தைப் பங்கு பிரித்தோம்.
மேல்துணி எல்யூவுக்கு, உள்கூடு பேக்காவுக்கு,
கம்பிகள் மாக்சனுக்கு, முளைகள் எனக்கு.
அடுப்பும் எரிவாயுவும் பாத்திரமும் கெத்தினுக்கு.
ஒருவர் வழிதவறினால்
மற்ற நால்வர் முதுகிலும் இருப்பது
வெறும் துணி, வெறும் கம்பி.

மேசைப்பந்துப் பலகைமேல் வரைபடம் விரிந்தது.
ரினோக் மலைகள்; பழுப்புக் கோடுகள்
மூச்சுவிட இடமின்றி நெருங்கிக் கிடந்தன.
பூல்க் என்றால் கணவாய், கோர்ஸ் என்றால் சதுப்பு.
முன்னே நடந்தவர்கள் யாரோ
எங்கள் மொழியிலேயே எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
வெள்ளைப் பஞ்சுப்புல் அழகாக ஆடுகிற இடத்தில்
கால் வைக்காதே என்றாள் பேக்கா.
ஏப்ரலில் முழங்கால் வரை போனவள் அவள்.

ஏப்ரல்.
ஒத்திகை நடையில் அவள் கைப்பேசி உறையின் காந்தம்
திசைகாட்டியை ஏமாற்றிய நாள்.
வேறொரு பட்டிக்குப் போய் நின்று
முன்பின் தெரியாத ஆடுகளிடம் விழித்தோம்.
தூரத்து மேட்டில் ஒரு சிவப்பு மழைச்சட்டை
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது,
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமலிருப்பதுதான் அவருக்கு வேலையாம்.
அன்று கெத்தின் எல்லோருக்கும் பின்னால் வந்தான்,
குதிகாலில் ஒரு காசளவு கொப்புளத்தோடு.

அதனால்தான் செய்தேன்.
அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரம்
எரிவாயுக் குடுவை இரண்டையும் பாத்திரத்தையும்
என் பைக்குள் திணித்தேன்.
மற்ற மூவரும் பார்த்தார்கள்.
ஒன்றும் சொல்லவில்லை.

கொக்கி அவன் பையைத் தூக்கியது.
ஒன்பது கிலோ.
மாக்சன் எண்ணை வாசித்துவிட்டு
இன்னொரு முறை வாசித்தான், சத்தமில்லாமல்.

"யாரு எடுத்தது?"

நான் பாத்திரத்தை எடுத்துத் தரையில் வைத்தேன்.
அது தேவைக்கு மேல் ஒலித்தது.

"கொப்புளம் வந்தது காலில்.
முதுகில் இல்லை" என்றான் கெத்தின்.
பிறகு உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான்.
ஒரு காலுறை. அதற்குள் இன்னொன்று.
அதற்குள் இன்னொன்று.
"அண்ணனோடது. ரெண்டு நம்பர் பெரிசு."

ஆறு வாரமாக அவன் எடையைப் பற்றி யோசித்திருக்கிறோம்,
வேகத்தைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசியிருக்கிறோம்.
காலைப் பற்றி
ஒருவரும் அவனைக் கேட்கவில்லை.

"உனக்கு எத்தனை?" என்றாள் எல்யூ.
"எட்டு."
"எனக்கும் எட்டுதான்" என்றாள்,
இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்பவள்போல.
"பழசு ஒரு ஜோடி கிடக்கு.
ஊதா நிறம். பரவாயில்லையா?"
அவன் ஊதாவைக் கொஞ்சம் யோசித்தான்.
"சேற்றில் எல்லாம் ஒரே நிறம்தானே."

எல்லாப் பைகளையும் மறுபடி கவிழ்த்தோம்.
அவனே முதலில் எடுத்தான்:
குடுவை, குடுவை, பாத்திரம்.
பதினான்கு கிலோ.
கொக்கி முனகியது, யாரும் பேசவில்லை,
ஆனால் இந்த மௌனம் வேறு.
முன்னால் யார் நடப்பது என்ற கேள்விக்கு
இந்த முறை அவன் முகத்தைப் பார்த்தே பேசினோம்.
மெதுவானவன் முன்னால்.
"சரி. ஆனா பாட்டு பாடாதீங்க பின்னால்" என்றான்.

ஒன்பது மணிக்குக் காவலாளி விளக்கை அணைத்தார்.

தோல்கெல்லாயின் கற்சந்துகளில் வீடு திரும்புகையில்
என் பையில் முளைகள் கிலுங்கின.
பாலத்து விளக்கடியில் நின்று எண்ணினேன்.
பதினான்கு இருக்க வேண்டும்.
பதின்மூன்று.
திரும்ப எண்ணினேன்.

ஒரு முளைதானே, கல்லை வைத்துச் சமாளிக்கலாம்,
யாருக்கும் தெரியப்போவதில்லை.

கைப்பேசியை எடுத்து
நால்வருக்கும் எழுதினேன்.